இடுப்புக் கயிறு

"இடுப்புல கயிறு கட்டாம ஷூட்டிங் கிடையாது, ஜெரால்ட்," என்றாள் ஷெரின். கல்லூரிக் குறும்படத்துக்குப் பாதுகாப்பு அவள் பொறுப்பு.

எழுமலைத் தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை.

"எனக்கு எதுக்கு? எல்லாரும் சிரிக்கிறானுக."

"சிரிக்கட்டும். ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

அவன் கைகளை உயர்த்தி நின்றான். அவளே முடிச்சுப் போட்டு, மறுமுனையை வேப்பமரத்தில் கட்டினாள்.

"ஆக்‌ஷன்!"

கதாநாயகன் அரிவாளோடு ஓடிவரும் காட்சி. ஐந்தாவது நொடியில் கிணற்றோரம் மண் சரிந்தது. கயிறு விறைத்து நின்றது.

எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் கை கொடுத்தவன் கதாநாயகன் ஜூடு. மேலே வந்த ஜெரால்ட், கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தான். ஓடிவந்த ஜூடுவைப் படம்பிடித்தபடியே பின்னால் நடந்தவன் அவன்தான்.

முடிச்சை அவிழ்த்த ஷெரின் திரும்பினாள்.

"கேமராமேனுக்குக் கயிறான்னு சிரிச்சீங்கள்ல? இப்பச் சிரிங்கடா."