அசருக்குப் பிறகு தண்ணீர்

தினமும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன் தானாக வரும். ஆண்களுக்குக் காரணம் பிடிபடவில்லை.

கிணறு இருந்தது முஸ்பிறா வீட்டில் மட்டும்தான். இறக்காமத்திலிருந்து கல்முனைக்குக் குடிவந்து இரண்டு மாதமாக யாரும் வாசல் மிதிக்காத வீடு. இப்போது பெண்கள் வாளிகளோடு வந்து, சிரித்துக் கதைத்தார்கள்.

அன்று ஆண்கள் குழாய் வேலை செய்யும் பர்ஸானை அனுப்பினார்கள். அவன் குழாய் போன வழியே பார்த்துவந்து, கிணற்றடியில் நின்ற பெண்களிடம் சொன்னான்.

"ஒரு வீட்டில நிண்டா அடைப்பு. எல்லா வீட்டிலயும் ஒண்டா நிண்டா, ஆரோ வால்வைப் பூட்டுறாங்க. அது இந்த மதிலடியிலதான் கிடக்கணும்."

அது முஸ்பிறாவின் மதில். அடியில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. முஸ்பிறாவின் கையிலிருந்து கிணற்றுக் கயிறு நழுவியது.

"மண்வெட்டி தாங்க, தோண்டிப் பாப்பம்."

பக்கத்து வீட்டு ஆகிலா றாத்தா குறுக்கே வந்தார். "வேணாம் தம்பி. நீ போ, நாங்க பாக்கிறம்."

அவன் போனதும் முஸ்பிறாவிடம் திரும்பினார். "எத்தின நாளைக்குப் புள்ள இந்த மண்ணைக் கிண்டுவாய்? எங்களுக்கு எப்பவோ தெரியும்."

முஸ்பிறா அழுதுவிட்டாள். "தண்ணி வந்தா நீங்க ஒருத்தரும் வரமாட்டீங்களே, றாத்தா."

"வால்வைத் திறந்து விடு. நாளைக்குத் தேத்தண்ணி ஊத்தி வை. வாளி இல்லாம வாறம்."