தேய்ந்த தரை

உள்ளங்கையில் அடங்கும் மாதிரிக் கார்கள் செய்வது என் பொழுதுபோக்கு. காருக்குள் தரைக்கு மட்டும் சாம்பல் நிறச் சொரசொரப்பு ஸ்ப்ரே அடிப்பேன். ஒரு முழம் தள்ளிப் பிடித்து மூன்று முறை லேசாகத் தூவினால், பொடிப்பொடியாகப் படிந்து அசல் காரின் தரைவிரிப்பு போலவே இருக்கும்.

இந்தக் காரில், காய்ந்த மறுநாளே ஆக்சிலரேட்டருக்குக் கீழே கடுகளவு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. நிஜக் காரில் குதிகால் ஊன்றும் இடம் அது.

"இதைத் தொட்டியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்க பொம்மைய நான் ஏன் தொடப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

மறுபடி அடித்தேன். மறுபடி தேய்ந்தது. மூன்றாம் முறை காய்ந்ததும் கண்ணாடிகளையும் கூரையையும் ஒட்டி, யாராவது தொட்டால் தடம் தெரியட்டும் என்று கூரையின் மேலும் அதே ஸ்ப்ரேயைத் தூவினேன். இனி ஊசிகூட உள்ளே நுழையாது.

காலையில் மனைவி கட்டிலில் உட்கார்ந்து வலது குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது.

"என்னது அது?"

"உங்க பெயின்ட்டுதான். வீடு பூரா கிடக்கு. ஒருநாளாவது கூட்டினாத்தானே?"

எனக்குத் தெரிந்து அவள் கார் ஓட்டக் கற்றதில்லை.

மேசைக்குப் போனேன். கூரையின் சொரசொரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல் வழியாக டார்ச் அடித்தேன். ஓட்டுநர் பக்கம் தேய்ந்திருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் வந்தேன். பக்கத்து இருக்கைக்கு முன்னாலும், இரண்டு குதிகால்கள் ஊன்றியதுபோல், இரண்டு இடங்கள் தேய்ந்திருந்தன.

நாற்காலியில் உட்கார்ந்து என் கால்களைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குதிகால்களும் சுத்தமாக இருந்தன.