நடுவில் இருந்த துப்பாக்கி

கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளை மேசையில் வரிசையாக வைத்தபோது, நான் என் மனைவியின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவை கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்படியே இருக்கட்டும் என்று நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டேன்.

துப்பாக்கி எங்கள் மகள் சாரங்காவுக்கு. இங்கே இத்தாலியில், பலெர்மோவில் பிறந்த பிள்ளை, இருபது வயது, காடுகளைப் பற்றிப் படிக்கிறாள். மடோனியே மலைப்பக்கம் காட்டுப்பன்றிகள் பெருகித் தோட்டங்களைக் கிளறுகின்றன என்று, அவற்றைச் சுட்டுக் குறைக்க ஆள் எடுத்தார்கள். இவள் பயிற்சிக்குப் போய், சோதனை எழுதி, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் உரிமமும் வாங்கிவிட்டாள்.

எனக்குக் கரப்பான் பூச்சியை அடிக்கவே கை நடுங்கும். நான் அந்தக் கடைக்கு வந்தது வேறொரு பயத்தில்.

என் மனைவி பிரேமினி வன்னியில் ஏழு வருஷம் இயக்கத்தில் போராளியாக இருந்தவள். சமாதான காலத்தில் விலகி வந்து என்னைக் கட்டினாள். இது எனக்குத் தெரியும், சாரங்காவுக்குத் தெரியாது. அம்மா வவுனியாவில் தையல் கடையில் இருந்தவர் என்று சொல்லியே வளர்த்தோம். தெரிந்தால் பிள்ளை தன்னை வேறு கண்ணால் பார்க்கும் என்று பிரேமினிக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காவல் நிற்பதுதான் இருபது வருஷமாக என் வேலை.

கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார்.

இடப்பக்கம் இருந்தது 243 அளவு. குண்டு சின்னது, தோளில் அவ்வளவாக உதைக்காது, சிஞ்ஞோரினாவுக்கு, அதாவது எங்கள் பிள்ளைக்கு, இதுவே போதும் என்றார். நடுவில் 308, அதைவிடக் கொஞ்சம் பெரிது. வலப்பக்கம் இருந்தது ஒன்பது மில்லிமீற்றருக்கும் மேலே. எவ்வளவு பெரிய பன்றியும் நின்ற இடத்தில் விழும், சுட்டவரும் கூடவே விழுவார் என்று சொல்லிச் சிரித்தார்.

சாரங்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முடிவெடுக்க முடியவில்லை.

சிஞ்ஞோராவும், அதாவது அம்மாவும், கனம் பார்க்கட்டுமே என்று, கடைக்காரர் நடுவில் இருந்ததை எடுத்துப் பிரேமினியிடம் நீட்டினார்.

நான் இருமினேன். அவள் கைப்பையை மேசையில் வைத்தாள்.

வாங்கிய கையோடு குழலை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பினாள். தாழ்ப்பாளை இழுத்து உள்ளே பார்த்தாள். பார்த்தது போதாதென்று சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவி, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். எல்லாம் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிட்டது.

கடைக்காரரின் புருவம் மேலே போனது. பிறாவா, கெட்டிக்காரி என்றார். சிஞ்ஞோரா இதை எங்கே பழகினார் என்று கேட்டார்.

“அவளுடைய மாமன் வேட்டைக்காரன்” என்று இத்தாலியனில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

அதே வினாடியில் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. “சினிமா பார்த்து” என்றாள் சாரங்கா.

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளை எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அவள் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள். “அம்மா சின்னனிலை எனக்கு ரெண்டு பின்னல் போட்டு, குறுக்கை மடிச்சுக் குத்திவிடுவா. பதினாலு வயசிலை இன்ரநெற்றிலை இயக்கப் படங்கள் பாத்தனான், அப்பா. அங்கை எல்லா அக்காமாருக்கும் அதே பின்னல்.”

ஆறு வருஷம். நான் வாசலில் நின்று காவல் காக்க, இவளும் உள்ளே இருந்து அதே காவலைக் காத்திருக்கிறாள்.

பிரேமினி துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தாள். கை மட்டும் அதன் மேலேயே இருந்தது. யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

சாரங்கா அந்தக் கையைப் பிடித்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“பண்டி வருத்தப்படாமல் விழோணும், அம்மா. எது நல்லம்?”

பிரேமினி மூன்று துப்பாக்கிகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வீட்டுக்கு மீன் வாங்கும்போது சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினாள்.

“நடுவிலை கிடக்கிறது. சின்னனெண்டால் கொஞ்சம் பிசகினாலும் காயத்தோடை ஓடும், அது பாவம். பெரிசு வேண்டாம் பிள்ளை. உதைக்குமெண்ட பயத்திலை சுடேக்கை கண்ணை மூடிப்போடுவாய். தோளும் பழுதாப்போகும். இப்ப தெரியாது. என்ரை வயசிலை, மாரி வந்தால்தான் தெரியும்.”

சாரங்கா தாயின் வலது தோளில் கையை வைத்தாள். ஓம் என்று பிரேமினி தலையாட்டினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தாலும் முகம் இளகியிருந்தது. கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

நான் ஒருநாளும் அவளிடம் அந்த ஏழு வருஷத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேளாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு மாரிக்கும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவன் நான். தேய்க்கும்போதெல்லாம், மலைபோல உடுப்பைக் குவித்து அவளை அயன் பண்ண வைக்கிறாள் என்று, அவள் வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பிரேமினி ஒரு சொல்லும் சொல்லாமல், தோளைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள்.