பாபின் எழுதிய கட்டுரை

“மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கீங்க. அப்படி என்னம்மா அதுல குத்தம்?”

தையல் மெஷின் கம்பெனி முதலாளியின் குரலில் சூடு இருந்தது. எதிரே நின்ற டீச்சரம்மா அசையவில்லை.

டீச்சரம்மா என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். கம்பெனி வெப்சைட்டுக்கு வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, தேறியதை மட்டும் வெளியிடுவது அவள் வேலை.

அந்தப் பகுதியை ஆரம்பித்ததே முதலாளிதான். மெஷின் மக்கர் பண்ணினால் இப்போதெல்லாம் யாரும் மெக்கானிக்கைத் தேடுவதில்லை, இன்டர்நெட்டில்தான் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்கள் கண்ணில் நம் வெப்சைட் முதலில் பட வேண்டும். அதற்குத் தைக்கிறவர்களே தங்கள் அனுபவத்தை உருப்படியாக எழுத வேண்டும். “‘சூப்பர்’, ‘அருமை’ன்னு ஒத்தை வார்த்தையெல்லாம் போடாதீங்க. படிச்சா மெஷின் ஓடணும்” என்று சொன்னவரும் அவரேதான்.

“நூல் அடிக்கடி அறுந்தா என்ன பண்ணணும்னு ‘பாபின்’ங்கற பேர்ல ஒருத்தங்க எழுதியிருக்காங்க. சும்மா எழுதித் தர்றவங்களுக்கு நீங்க பரீட்சை வெச்சா, நாளைக்கு யார் எழுதுவாங்க?”

“நல்லாதான் சார் எழுதறாங்க. முதல் தடவை என்ன துணி, எத்தனாம் நம்பர் ஊசின்னு இல்லை. ரெண்டாவதுல அது வந்துடுச்சு, ஆனா நூலை எவ்வளவு இறுக்கி வைக்கணும்னு இல்லை. மூணாவதுல, ஊசி இறங்கற தகட்டைத் தேய்க்கணும்னு போற போக்குல ஒரு வரி இருக்கு. அதுதான் சார் விஷயமே. தகட்டுலதான் கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டிருக்கேன்.”

“ஒண்ணும் கேட்க வேண்டாம். இருக்கறபடியே போடுங்க.”

“திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க சார். அவங்ககிட்ட இன்னும் சரக்கு இருக்கு.”

“திங்கட்கிழமை அது வரலேன்னா, செவ்வாய்க்கிழமை உங்க சீட்ல வேற ஆள் இருப்பாங்க.”

தலையாட்டிவிட்டுப் போனாள்.

முதலாளியின் கோபத்துக்குக் காரணம் வேறு. மெஷினில் அடிநூல் சுற்றும் உருளையின் பெயரை வைத்துக்கொண்ட அந்த பாபின் வேறு யாருமில்லை, அவர் மனைவி. இருபது வருஷமாக வீட்டில் தைக்கிறவள். முந்தின நாள் சாப்பிடும்போது ஃபோனைப் பார்த்து, “மறுபடியும் திருப்பிட்டாங்க” என்றாள். அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டிய மனைவியை, தன்னிடம் வேலை பார்க்கிற ஒருத்தி இப்படி அலைக்கழிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை மனைவி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“விட்டுத் தள்ளு. நாளைக்குத் தானா வந்துடும்” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். “நீங்க ஏதாவது சொன்னீங்களா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

நல்லவேளை, அவள் மேலே கேட்கவில்லை. துளிப் பஞ்சை எடுத்துத் தகட்டின் துளையில் தேய்த்தாள்.

“இதோ, இழை மாட்டுது பாருங்க. இங்கதான் பிசிறு இருக்கு. கைக்குத் தட்டுப்படாது, பஞ்சு காட்டிக் கொடுத்துடும். அப்புறம் நைஸ் உப்புத்தாளால நாலு இழுப்பு, அவ்வளவுதான். எனக்குப் பழகிப் போனதால இதை எழுதணும்னே தோணலை. அந்தப் பொண்ணு கேட்டதாலதான் ஞாபகம் வந்தது.”

திங்கட்கிழமை, பஞ்சு விஷயத்தையும் சேர்த்துக் கட்டுரை வெளிவந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். தையல் மெஷினில் நூல் அறுகிறது என்று யார் தேடினாலும் பாபின் கட்டுரைதான் முதலில் வந்து நின்றது. வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள் என்றார் சேல்ஸ் மேனேஜர். கட்டுரைக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். படித்தவர்களும் ஒத்தை வார்த்தை எழுதவில்லை. தங்கள் மெஷின் கதையை விலாவாரியாக எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் மனைவி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

“‘மெஷினைப் பழைய இரும்புக்குப் போட இருந்தேன். உங்க புண்ணியத்துல இன்னிக்கு என் பொண்ணுக்குச் சட்டை தைச்சேன்’னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க.”

“பரவாயில்லையே” என்றார்.

“உங்க ஆபீஸ்காரங்க இத்தனை வருஷமா, நான் தைச்ச கோணல் பையைக்கூட ‘பிரமாதம் மேடம்’னுதான் சொன்னாங்க. ஏன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னே தெரியாது. புரியலேன்னா புரியலேன்னுட்டா. கடைசியில ‘இப்பப் புரியுது’ன்னு ஒரு வரி எழுதினா பாருங்க, அது போதும் எனக்கு. இது முழுக்க முழுக்க நானா சம்பாதிச்ச பேரு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் இப்படி நெஞ்சை நிமிர்த்திப் பேசி அவர் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. கூடவே, தான் போட்ட உத்தரவு செல்லுபடியாகியிருந்தால் இந்த முகத்தைப் பார்த்திருப்போமா என்று நெஞ்சில் முள்ளும் தைத்தது.

மறுநாள் டீச்சரம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா.”

“பரவாயில்லை சார்.”

“வேலையே போயிடும்னு சொன்னப்பகூட நீங்க விட்டுக் கொடுக்கலை. அந்த பாபின் யாருன்னு உங்களுக்கு...” சொல்லலாமா, வேண்டாமா என்று இழுத்தார்.

அவள் ஒரு தடவை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முதல் தடவை கட்டுரையோட அனுப்பின படத்துலயே, மெஷினுக்குப் பின்னாடி சுவத்துல உங்க கல்யாண ஃபோட்டோ இருந்தது சார். அதை வெட்டிட்டுத்தான் வெளியிட்டேன். எனக்குத் தெரியும்னு மேடத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”