கோழி வழக்கு

பெரிய கங்காணி வீரமலைக்குக் கோபம் வந்தால், தன்னிடம் வேலை செய்யும் வெள்ளையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டேய், கோழித் திருடன் பேரா!" என்பார். வெள்ளையனின் தாத்தா சடையன் ஒரு கோழி விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போய் வந்தது லிந்துலைத் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும். வெள்ளையனும் தலையைக் குனிந்துகொள்வான்.

பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அந்தத் தலை நிமிர்ந்தது. பிரஜையாகப் பதிய, அப்பாவும் தாத்தாவும் இலங்கையிலேயே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். அப்பாவுக்குப் பிறப்புச் சீட்டு இருந்தது. தாத்தாவுக்கான சீட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தரிடமும் இல்லை.

"நம்ம தாத்தா களவாணி புள்ள! களவாணிக்குக் கோர்ட்டுல பொறந்த ஊர எழுதாம விடுவாங்களா?" என்று பெண்டாட்டி பேச்சியம்மாவிடம் மார்தட்டிவிட்டு, நுவரெலியாவுக்கு பஸ் ஏறினான்.

கோர்ட்டு கிளாக்கர் தும்மிக்கொண்டே ஒரு பழைய காகிதக் கட்டைப் பிரித்தார். "இருக்குப்பா, கோழி வழக்கு. திருடுனவன் லிந்துலையிலதான் பொறந்திருக்கான்."

"வயித்துல பால வாத்தீங்கய்யா!"

"பேரு கருப்பண்ணன்."

"அது எங்க பெரிய கங்காணியோட தாத்தாவுங்க! அப்ப எங்க தாத்தா சடையன்?"

"கோழியப் பறிகொடுத்தவரு. வழக்குப் போட்டதே அவருதான்."

"அவரு எங்க பொறந்தாருன்னு போட்டிருக்குங்களா?"

"அத யாரு கேட்டா? திருடனுக்குத்தான் அதெல்லாம் எழுதுவாங்க."

வெள்ளையன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்கய்யா. எங்க தாத்தா வேற எங்கயாச்சும், எதையாச்சும் திருடியிருப்பாரு!"