மூத்த காசு

புதையல் பானையிலிருந்து எடுத்த இரண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள் அருங்காட்சியக மேசையில் கிடந்தன. தேய்ந்த காசு அதட்டியது: "என் ராஜாவுக்கு மூக்கே தேய்ஞ்சுபோச்சு பார். நான்தான் மூத்தவன். அண்ணேன்னு கூப்பிடு!"

"சரிண்ணே," என்றது பளபளத்த காசு.

பூதக்கண்ணாடி குனிந்து விளிம்பெழுத்தைப் படித்தது. "ரெண்டு பேர் மேலயும் ஒரே ராஜாதான். பளபளப்பானவனை அடிச்சது அவரோட ஏழாம் ஆட்சி வருஷம். தேய்ஞ்சவனைப் பதினாறாம் வருஷம்."

தேய்ந்த காசின் குரல் இறங்கியது. "அப்போ நான்தான் உங்களை அண்ணேன்னு கூப்பிடணும்."

"வேண்டாண்ணே. அடிச்ச அன்னைக்கே என்னைப் பையில போட்டுக் கட்டிட்டாங்க. பானையிலதான் அவிழ்த்துக் கொட்டினாங்க. நீங்க சந்தை சந்தையா சுத்தினவரு. நம்மளைக் கொடுத்து மிளகு வாங்கினாங்களாமே, அது எப்படிண்ணே மணக்கும்?"