சமையலறையைப் பார்க்கும் ஜன்னல்

“இந்த ஜன்னல் என் சமையலறையைப் பார்க்குதே, டெல்மர். நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் மேவிஸ்.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.” அடுத்த வீட்டு டெல்மர் வரைபடத்தைச் சுருட்டினார். “சரி, மாத்திட்டு வரேன். அந்தக் கேக்ல இன்னொரு துண்டு இருக்குமா?”

ஆறு வருடமாக இதே கூத்துதான். மனைவி போன பிறகு டெல்மருக்குப் பெரிய வீடு வெறிச்சென்றாகிவிட்டது. கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் ஓர் அறை வீடு கட்டிக்கொண்டு, பெரிய வீட்டைக் குழந்தை குட்டி உள்ள குடும்பத்துக்கு விட்டுவிட ஆசை. ஆனால் கொல்லையில் இரண்டாவது வீடு கட்ட, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்பது நகரசபை விதி. டெல்மர் வாசலை மாற்றுவார், கூரையைத் தாழ்த்துவார். மறதிக்கார மனுஷன், அந்த ஜன்னல் மட்டும் திரும்பவும் அங்கேயே வந்து நிற்கும்.

உண்மையைச் சொன்னால், மேவிஸுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கோபமும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் டெல்மர் எதற்கு வருவார்? மழைக்கோட்டோடு வந்து, மேசையில் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் மூலைக்கு ஒரு காபிக் கோப்பை வைப்பாரே, அதெல்லாம் நின்றுபோகும். தனிக்கட்டையான அவளுக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பாத்திரம் கழுவும்போதெல்லாம் இன்னும் கட்டாத அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருப்பாள். நீலத் திரைச்சீலை மாட்டுவாள். கூரையில் மழை பெய்வதைக் கேட்டபடி யாருக்கோ காபி கலப்பாள். இங்கே குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மார்ச் மாதம் நகரசபைக் கடிதம் வந்தது. விதியை மாற்றப்போகிறார்களாம். இனிப் பக்கத்து வீட்டுக் கையெழுத்தே வேண்டாமாம். அதற்கு முன்பு மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம். கூட்டத்தன்று மேவிஸும் கிளம்பிப் போனாள்.

பேச வருகிறவர்கள் ‘ஆதரவு’ அல்லது ‘எதிர்ப்பு’ச் சீட்டில் பெயர் எழுதித் தர வேண்டும். மேவிஸ் முதலில் எடுத்தது எதிர்ப்புச் சீட்டைத்தான். அப்போது பார்த்து, முன்வரிசையில் வரைபடச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டெல்மர் கண்ணில் பட்டார். பாவம், ஆறு வருடக் கனவு. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆதரவுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார்கள். மேவிஸுக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

“அவர் கட்டிக்கட்டும். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் பேசிய அத்தனை பேரும் விதியை மாற்றத்தான் சொன்னார்கள்.

“எதிர்ப்புன்னு ஒரே ஒரு சீட்டு வந்திருக்கு” என்று தலைவர் அதிலிருந்த பெயரை வாசித்தார்.

டெல்மர் எழுந்து மைக்கிடம் போனார்.

“பக்கத்து வீட்டுக் கையெழுத்து வேணும்ங்கிற விதி அப்படியே இருக்கட்டுங்க” என்றார். “அவங்க மாட்டேன்னு சொல்லணும்னுதான் ஆறு வருஷமா அந்த ஜன்னலை அங்கேயே வரைஞ்சிட்டிருக்கேன்.”